மண்ணுக்கடியில் குழாய் பதிக்கும் கலையும் ஊராட்சிப் பயிற்சியும்

(குள்ளஞ்சாவடியில் ஊராட்சி உறுப்பினர்களிடையேயும் குடிநீர்ப் பணியாளர்களிடையேயும் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஊரில் பள்ளிக்கூடம் எழுந்தால் யாவரும் காண்கின்றனர். பாலம் கட்டப்பெற்றால் அதன்மேல் நடந்து மகிழ்கின்றனர். மண்ணுக்கடியில் மூன்றடி ஆழத்தில் கிடக்கும் குடிநீர்க் குழாயையோ, அது உடையும் நாள்வரை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் ஊரின் நலம் அக்குழாயை நம்பியே இருக்கின்றது. ஆதலின், சாலையை வெட்டாமலே குழாய் பதிக்கும் புதிய முறைகள் யாவை, அவற்றைக் கற்பிக்கும் பயிற்சிகள் நம் ஊராட்சிகளை எட்ட வேண்டுவது ஏன் என்னும் இரண்டையும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் வட்டாரமும் நிலத்தடியும்

நிலத்தடியைப் பற்றிப் பேசுவதற்கு நம் வட்டாரம் மிகவும் ஏற்றது. நமக்கு மேற்கே உள்ள நெய்வேலியில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பின்னர்ப் பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டது. 1956-இல் நிறுவனம் அமைந்து, 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிக்கொணரப்பட்டது. நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்ததால், அந்நீரை இடைவிடாது இறைத்த பின்னரே சுரங்கம் தோண்ட இயன்றது. மண்ணின் அடுக்குகளை அறியாது அங்கு ஓரடியும் முன்னேறியிருக்க முடியாது. மண்ணை முதலில் அறிய வேண்டும். பின்னரே கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நெய்வேலி நமக்குக் கற்பித்த முதற்பாடமாகும்.

இரண்டாவது பாடம் வீராணத்துக் குழாயினின்று கிடைப்பது. சென்னைக்கு வீராணம் ஏரியின் நீரைக் கொண்டு செல்ல 1960-களின் இறுதியில் தொடங்கிய திட்டம் முற்றுப்பெறாது நின்றது. அதற்கெனச் செய்யப்பட்ட பெரிய சிமெண்டுக் குழாய்கள் சாலையோரங்களில் பல்லாண்டுகள் கிடந்ததை முதியோர் பலரும் நினைவுகூர்வர். பின்னர் 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் ஏரி நீர் நம் அண்டையிலுள்ள வடக்குத்தில் தூய்மை செய்யப்பட்டு, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுடைய எஃகுக் குழாய்கள் வழியாகச் சென்னையை அடைகின்றது. குழாய்வழியின் மொத்த நீளம் ஏறத்தாழ 235 கிலோமீட்டர். நாளொன்றுக்குக் கொண்டு செல்லத்தக்க நீர் 18 கோடி லிட்டர். குழாயை வாங்குவதால் மட்டும் குடிநீர் வந்துவிடுவதில்லை. அதைப் பதித்து, இணைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, நாள்தோறும் காத்து வந்தால்தான் நீர் வரும் என்பதை இவ்விரு திட்டங்களும் காட்டுகின்றன.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயலை நம்மில் எவரும் மறக்க மாட்டோம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன. அதன் பின்னர் உலக வங்கியின் உதவியுடன் கடலூர் நகரில் மின்கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டு செல்லும் பணி மேற்கொள்ளப்பட்டது. இவ்வாறு குடிநீர், மின்சாரம், தொலைபேசிக் கம்பி, கண்ணாடி இழைக் கம்பி எனப் பலவும் மண்ணுக்கடியில் இடம் தேடுகின்றன. நிலத்தடி நெருக்கடியாகி வருகின்றது. அங்கு எது எங்கே கிடக்கின்றது என்று அறியாமல் தோண்டுவது இனிப் பெருந்தீங்காகும்.

வெட்டிப் பதிப்பதன் இடர்கள்

குழாய் பதித்தல் நமக்குப் புதிய கலையன்று. நிலத்தடி நீர்வழியைக் குறிக்கச் சுருங்கை என்னும் பழஞ்சொல் நம் மொழியில் இருக்கின்றது. கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. அன்று முதல் இன்று வரை பள்ளம் வெட்டி, குழாயை இறக்கி, மண்ணை மூடுவதே வழக்கம். திறந்த வயல்வெளியிலும் அகன்ற மண் தெருவிலும் இன்றும் அதுவே சிக்கனமானது. அதை விடவேண்டும் என்று நாம் கூறவில்லை.

ஆனால் கடலூர்–விருத்தாசலம் நெடுஞ்சாலை போன்ற சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமாயின் நிலைமை வேறு. சாலையை வெட்டினால் பேருந்தும் கரும்பு வண்டியும் நிற்கும். வெட்டிய இடத்தில் போட்ட தார், முதல் மழையிலேயே உள்வாங்கும். இருப்புப்பாதையைக் கடப்பதாயின் வெட்டுவதற்கே இடமில்லை. இரயில் ஓடிக்கொண்டிருக்கையில் தண்டவாளத்துக்கடியில் மண்ணைப் பறிக்க எவர் இசைவர்?

உயிருக்கு நேரும் இடரும் உண்டு. ஒரு கனமீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் மிகுதியாகும். பக்கங்களுக்குத் தாங்கல் கொடுக்காமல் ஆளுயரப் பள்ளத்தில் ஒருவரை இறக்கினால், சரியும் மண் அவர் மார்பை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும். தலை வெளியே இருந்தாலும் உயிர் பிழைப்பது அரிது. நம் பகுதியின் செம்மண் காய்ந்திருக்கும்போது சுவர் போல் நிற்கும். மழைநீர் இறங்கியவுடன் அறிவிப்பின்றிச் சரியும். கடற்கரை மணலோ காய்ந்தாலும் நில்லாது.

மற்றோர் இடர் குடிநீரைப் பற்றியது. ஊர்களில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை; சில மணி நேரமே விடப்படுகின்றது. நீர் ஓடும்போது குழாயின் உள்ளழுத்தம் அழுக்கை அண்டவிடாது. மோட்டார் நின்றபின் அழுத்தம் குறைகின்றது. அவ்வேளையில் பழுதான இணைப்பு சாக்கடையருகே இருந்தால், சாக்கடை நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலையில் முதற்குடம் பிடிக்கும் தாய், நோயையும் சேர்த்தே இல்லத்துக்கு எடுத்துச் செல்கின்றாள். பொக்லைன் வண்டியின் பற்கள் பட்டு நசுங்கிய குழாயை ரப்பர்த் துண்டால் சுற்றி மூடும் வழக்கத்தால் விளையும் கேடு இத்தகையது.

வெட்டாது பதிக்கும் முறைகள்

இவ்விடர்களைக் குறைக்கவே சாலையை வெட்டாமல் குழாய் பதிக்கும் முறைகள் தோன்றின. அவற்றுள் நமக்குப் பயன்படக்கூடியவை நான்கு.

முதலாவது, தள்ளும் முறை. சாலையின் இருபுறமும் இரு குழிகள் மட்டும் தோண்டுவர். ஒரு குழியில் ஜாக்கிகளை வைத்து எஃகு உறைக் குழாயைச் சிறிது சிறிதாகத் தள்ளி, உள்ளே வரும் மண்ணைத் திருகு கருவியால் வெளியேற்றுவர். பின்னர் உறைக்குள் குடிநீர்க் குழாயைச் செலுத்துவர். பிற்காலத்தில் பழுது நேரின் உள்குழாயை மட்டும் உருவி மாற்றலாம். இருப்புப்பாதைகளைக் கடப்பதற்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

இரண்டாவது, கிடைத்துளை முறை. தரையிலிருந்தே சாய்வாகத் துளையிட்டுச் சென்று, அடியில் வளைந்து, மறுபுறம் மேலெழுவர். துளைமுனையில் உள்ள சிறு கருவி, தான் இருக்கும் ஆழத்தையும் திசையையும் மேலே நிற்பவருக்கு அறிவிக்கும். பின்னர்த் துளையை அகலப்படுத்தி, இணைத்து வைத்த கறுப்பு நிறப் பாலித்தீன் குழாயை இழுத்து வருவர். துளை சரியாமல் இருக்கப் பெண்டோனைட் என்னும் களிமண் குழம்பு உதவுகின்றது. 1971-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பஹாரோ ஆற்றுக்கடியில் மார்ட்டின் செரிங்டன் என்பவர் இம்முறையில் குழாய் செலுத்திக் காட்டினார்.

மூன்றாவது, சிறு தெருக்களுக்கு ஏற்றது. காற்றழுத்தத்தால் தானே முட்டி முன்னேறும் ஈட்டி போன்ற கருவி, தெருவின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சிறு துளை இட்டுச் செல்லும். வீட்டு இணைப்புக் குழாயை அத்துளைவழி இழுத்துவிடலாம். சிமெண்டுத் தெருவை உடைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, பழைய குழாயை அதே இடத்தில் புதுப்பிக்கும் முறை. பிசின் தோய்ந்த துணியுறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகச் செய்வர். 1971-இல் இலண்டனில் எரிக் உட் என்னும் பொறியாளர் இதனைத் தொடங்கினார். இது பெரும்பாலும் நகரக் கழிவுநீர்க் குழாய்களுக்குப் பயன்படுகின்றது.

இம்முறைகளால் ஒரு மீட்டர் பதிப்பதற்கு ஆகும் செலவு, திறந்த வெளியில் பள்ளம் வெட்டுவதைவிட மிகுதி. ஆதலின் எங்கும் இதுவே வேண்டும் என்பது பேதைமை. எந்த இடத்தில் வெட்டலாம், எந்த இடத்தில் வெட்டலாகாது என்று தேர்ந்தறிவதே அறிவுடைமை. அத்தேர்வுக்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி யாரை எட்ட வேண்டும்?

உலகெங்கும் இத்துறையில் கற்போர் கூடும் மாநாடுகள் நடைபெறுகின்றன. 1985-இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாட்டின் பயனாக 1986-இல் பன்னாட்டுச் சங்கம் ஒன்று தோன்றியது. நம் நாட்டிலும் புதுதில்லியில் அதையொத்த சங்கம் ஒன்று இருக்கின்றது. ஐதராபாத்தில் 1981-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் பணியாளர் கல்லூரி, பணியிலுள்ள பொறியாளர்களுக்குத் தொடர்பயிற்சி அளிக்கின்றது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு பொறியாளர் குறிப்பிட்ட மணி நேரம் மேற்பயிற்சி பெற்றாலன்றித் தம் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது. பட்டம் பெற்ற நாளோடு கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதே இவ்விதியின் கருத்து.

இவை போற்றத்தக்கனவே. ஆனால் இக்கூட்டங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில், பொறியாளர்களுக்காகவே நடைபெறுகின்றன. மண்வெட்டி பிடிப்பவரும், பொக்லைன் ஓட்டுபவரும், வால்வு திறப்பவரும் அங்கு அமர்வதில்லை. குழாய் உடைவதும் காக்கப்படுவதும் இவர்கள் கையிலன்றோ இருக்கின்றது? வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் எந்தப் புளியமரத்தருகே திரும்புகின்றது என்பதை அறிந்தவர் தொட்டி இயக்குபவர் ஒருவரே. எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி என்று சொல்லக்கூடியவர் கிணறு வெட்டிய முதியவர். அவர்கள் அறிவும் பொறியாளர் அறிவும் ஒரே பந்தலின்கீழ்க் கூட வேண்டும்.

அதற்கு வழிகளும் உள்ளன. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் துறையறிந்த பொறியாளர்கள் உள்ளனர். மறைமலைநகரில் ஊரக வளர்ச்சிப் பயிற்சிக்கென மாநில நிறுவனம் இருக்கின்றது. 2019 ஆகஸ்டு 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரக இல்லந்தோறும் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் குழாய்வழி தருவதை நோக்கமாகக் கொண்டது. அதன் பகுதியாகிய நல் ஜல் மித்ரா என்னும் திட்டம் ஊர் இளைஞர்களுக்குக் குழாய், மோட்டார், மின்பழுது ஆகிய வேலைகளைக் கற்பிக்கின்றது. இவற்றை இணைத்து, ஊராட்சி ஒன்றிய அளவில் இரண்டு நாள் பயிற்சி நடத்துதல் இயலாத செயலன்று.

முதல் நாள், நிலத்தடியில் இருப்பதைக் கண்டறிதல், வரைபடம் எழுதுதல், மண்ணை அறிதல், பள்ளத்துக்குத் தாங்கல் கொடுத்தல் ஆகியவற்றைக் கற்கலாம். இரண்டாம் நாள், பாலித்தீன் குழாய்களைச் சூடேற்றி இணைத்தல், அழுத்தச் சோதனை, மேற்சொன்ன முறைகளுள் ஒன்றை நேரிற் காணுதல் ஆகியவற்றை மேற்கொள்ளலாம். எந்தப் பயிற்சியிலும் தவறிப்போன வேலைகளைப் பற்றிய பேச்சுக்கு ஒரு பொழுது ஒதுக்க வேண்டும். வென்ற கதையினும் தோற்ற கதையே தொழிலாளிக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

நாம் இன்றே தொடங்கக்கூடியவை

பயிற்சி வரும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. ஊராட்சி ஒவ்வொன்றும் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம்.

ஒன்று, தெருவாரியாகக் குழாய், வால்வு, இணைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் வரைபடம் ஒன்றைத் தொட்டி இயக்குபவரின் துணையுடன் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுக. அவர் ஓய்வு பெற்றபின் அவருடைய நினைவில் இருந்த படமும் மறைந்துவிடும்.

இரண்டு, எவர் தோண்ட வந்தாலும் முன்னறிவிப்பின்றி அனுமதியாதீர். இதற்கென 2023 மார்ச்சில் நடுவண் அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டுள்ளது. தோண்டுவோர் அதில் முன்கூட்டித் தெரிவித்தால், அங்குக் குழாயோ கம்பியோ பதித்தவர்களுக்குச் செய்தி செல்லும்.

மூன்று, சாலைக்கடியில் குழாய் செலுத்தும் ஒப்பந்தக்காரரிடம் ஆழம், உறைக்குழாயின் விட்டம், துளை சென்ற வழி, அழுத்தச் சோதனையின் முடிவு ஆகியவற்றை எழுத்தில் பெறுக. மண்ணை மூடியபின் கேட்பதால் பயனில்லை.

நான்கு, ஆழமான பள்ளத்தில் தாங்கலின்றி ஒருவரையும் இறக்காதீர். வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கவிடாதீர். வேலை தாமதமாகலாம், வேலைக்கு வந்தவர் மாலையில் இல்லம் திரும்ப வேண்டும்.

மேலே காணும் கட்டடங்களை மட்டும் வளர்ச்சி எனக் கருதும் காலம் போதும். நல்ல நீர், நாள்தோறும், நோயின்றி ஒவ்வோர் இல்லத்தையும் அடைதலே ஊரின் வளர்ச்சி. அதற்கு வேண்டிய அறிவு நகரத்து அரங்குகளிலும் இருக்கின்றது. நம் ஊர்த் தெருக்களிலும் இருக்கின்றது. இரண்டையும் ஒன்றுகூட்டும் பயிற்சியை இவ்வாண்டே நம் ஒன்றியத்தில் கேட்டுப் பெறுவோம் என்று உறுதி கொள்வோமாக.