சட்டம் வந்தது, உரிமை வந்ததா?

(திருவண்ணாமலையில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வூர் மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர் நடக்கிறீர்கள். நாம் இன்று உங்களை அமெரிக்கா வரைக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம்.

அத்தேசத்தில் 1865-ல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். 1870-ல், நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். கருப்பு மக்களும் கொஞ்ச காலம் ஓட்டுப் போட்டார்கள். பிறகு தென்பகுதி வெள்ளையர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓட்டுக்கு வரி கட்டு என்றார்கள். எழுத்துப் பரீட்சை என்றார்கள். சில இடங்களில், பாட்டனுக்கு ஓட்டிருந்தால் பேரனுக்குப் பரீட்சை வேண்டாமென்றார்கள். அடிமையாய்க் கிடந்த பாட்டனுக்கு ஓட்டு ஏது? பிறப்பைச் சொல்லித் தள்ளுகிற வித்தை நமக்கு மட்டும் சொந்தமல்ல, பாருங்கள்! 1965-ல் வேறு சட்டம் செய்து, மத்திய சர்க்கார் ஆட்களே போய்ப் பெயர் பதிந்த பிறகுதான் வழி பிறந்தது. இடையில் போனது 95 வருஷம்.

நம் கணக்கென்ன? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். இதே ஜில்லாவில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் ஆதிதிராவிடத் தோழர்கள் போனது 2023 ஜனவரி 30-ல். அதுவும் அதிகாரிகளும் போலீசும் கூட வந்ததால்! உள்ளே போனால் மோட்சமென்று நாம் சொல்லவில்லை. கோவிலே வேண்டாமென்கிறவர்கள் நாம். ஆனால் போகிறவனை மறிக்க இன்னொருவனுக்கு என்ன பாத்தியதை?

தோழர்களே, உங்கள் ஊருக்கு அந்த 1947-ம் வருஷத்துச் சட்டம் வந்து சேர்ந்துவிட்டதா? திரும்பிப் போனதும் விசாரியுங்கள்.