ஆகாயப் போரிற் பிழைத்த இளைஞர்

(நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்டது தமிழ் நூலன்று. ஜெப்ரி வெல்லம் என்னும் ஆங்கிலப் போர்விமானி எழுதிய ‘பர்ஸ்ட் லைட்’ என்னும் சுயசரிதை. விடியலின் முதலொளி என்பது அப்பெயரின் பொருள். தமிழ்ப் பண்டிதனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று சிலர் நகைக்கலாம். புறத்திணை கற்றவனுக்குப் போர்வீரனுடைய உள்ளம் அயலாகாது என்பதே யான் கூறும் விடை.

வெல்லம் 1921-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பள்ளியிற் கிரிக்கெட்டுக் குழுவின் தலைவராக விளங்கியவர். யுத்தம் மூளுதற்குச் சின்னாட்களுக்கு முன், 1939 ஆகஸ்டு மாதத்தில் விமானப்படையிற் சேர்ந்தார். 1940 மே மாதத்தில் 92-ஆம் படைப்பிரிவை அடைந்தபொழுது அவருக்குப் பிராயம் 18. அதுகாறும் ‘ஸ்பிட்பயர்’ விமானத்தில் அவர் ஏறியதேயில்லை. உடனிருந்தோர் அவரைப் ‘பையன்’ என்றே அழைத்தனர். நம் வீடுகளிற் பரீட்சை முடிவை எதிர்நோக்கி வாயிற்படியில் நிற்கும் பிள்ளைகளின் வயது அது! அவர் வந்த சில தினங்களுள் டன்கர்க் வானில் நிகழ்ந்த போரில், அப்பிரிவின் தலைவர் ரோஜர் புஷெல் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார்; வேறு சிலர் திரும்பவேயில்லை.

ஆகாயப் போர் நெடுநேரம் நடப்பதென்று நம்மிற் பலர் கருதுகின்றோம். அஃது அவ்வாறன்று. ஸ்பிட்பயரின் சிறகுகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. விசையை விடாது அழுத்தினால் ஏறக்குறையப் பதினைந்து விநாடியில் குண்டுகளனைத்தும் தீர்ந்துவிடும். அதன்பின் வீரன் வெறுங்கையன். பகைவனோ பெரும்பாலும் சூரியனை முதுகிற் கொண்டு வருவான். கண் கூசுமாதலின் அவனைக் காணுதல் அரிது. ஆதலாற் கழுத்தை ஓயாது திருப்பிக் கொண்டேயிருத்தல் வேண்டும். நேர்கோட்டிற் சிறிது நேரம் பறந்தவன் மாண்டான். இன்னுமொரு சங்கடம்: ஸ்பிட்பயரின் மூக்கைத் திடீரெனக் கீழே கவிழ்த்தால் எஞ்சினுக்கு எண்ணெய் செல்வது தடைப்பட்டு அது திணறும். ஜெர்மானிய ‘மெஸ்ஸர்ஷ்மிட்’ விமானத்துக்கு அக்குறையில்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் எஞ்சினியர், துளையிட்ட சிறு தகடொன்றை வகுத்து 1941-இல் இக்குறையைப் பெரிதும் நீக்கினார். நம் சங்கத்துப் பெண்மணிகள் இப்பெயரை நினைவிற் கொள்க.

1940 செப்டம்பரில் முதன்முதலாகப் பகைவரின் குண்டுவிமானத் திரளைக் கண்ட நிலையை வெல்லம் மறைவின்றி எழுதுகின்றார். வாய் உலர்கின்றது, எண்ணம் சிதறுகின்றது. பின்னர் மெஸ்ஸர்ஷ்மிட்டொன்று அவரைத் தொடர, இரண்டும் ஒரே வட்டத்திற் சுழல்கின்றன. வளைவின் வேகத்தில் இரத்தம் தலையினின்று இறங்கிக் கண் இருள்கின்றது. வட்டத்தை ஒரு சிறிது தளர்த்தினும் மரணம். பகைவனே முதலில் விலகினான்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தை வைத்தவாறே அச்சத்தையும் வைத்தார். நாமோ வீரனைப் பாடுங்கால் முன்னதையே கொண்டு பின்னதைக் கைவிட்டோம். இரண்டையும் ஒருங்கே வைத்தமையால் இந்நூல் சிறந்ததென்பேன். எனினும் இதிற் கண்ட உரையாடல்கள் முப்பத்தைந்து ஆண்டுகட்குப்பின் நினைவினின்று எழுந்தவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

அப்போரில், 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, ஏறத்தாழ 3000 விமான வீரருள் 544 பேர் மாண்டனர். எஞ்சியோர் பிழைத்தனர் என்று சரித்திரம் ஒரு வரியில் முடித்துவிடும். பிழைத்தவர் நிலை யாது? மாலையுணவு வேளையிற் காலியான நாற்காலிகளை எண்ணாதிருக்க வெல்லம் பழகினார். பகலிற் போர், இரவிற் குடி, விடியுமுன் மீண்டும் விமானம். 1941-இல் அவருக்கு விருது வந்தது. அதன்பின் போர்முனையினின்று நீக்கி ஓய்வளித்தபொழுதோ, தம் வாழ்வே முடிந்ததென்று உள்ளம் குலைந்தார்.

1942 ஆகஸ்டு 11-ஆம் தேதி ‘பியூரியஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலினின்று எட்டு ஸ்பிட்பயர்களை நடத்திக்கொண்டு மால்டாத் தீவுக்குச் சென்றார். அன்றே ‘ஈகிள்’ என்னும் துணைக்கப்பல் நீர்மூழ்கியினால் தாக்குண்டு எட்டு நிமிஷத்தில் மூழ்கிற்று. மால்டாவில் தீராத தலைவலியும் மனச்சோர்வும் அவரை வீழ்த்தின. அப்பொழுது வயது 21. குண்டுபட்ட காயம் ஒன்றுமில்லை. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றும் நம் மரபில் இவ்வகைப் புண்ணுக்குப் பெயரில்லை. இத்தகையோனைக் கோழை என்னும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு, நம்மவரிடத்தும் உண்டு. அஃது அறியாமை.

1961 வரை விமானப்படையிலிருந்து விலகிய வெல்லம், தொழிலும் இல்வாழ்வும் தளர்ந்த காலத்தில், தாம் ஒரு காலத்தில் ஏதேனும் பயன்பட்டவரா என்று தமக்கே தெளிவித்துக் கொள்ளும்பொருட்டு இந்நூலை எழுதத் தொடங்கினார். அச்சிடும் நோக்கம் இல்லை. கையெழுத்துப்பிரதி வீட்டிலேயே பல்லாண்டு கிடந்தது. 2002-இல் அது புத்தகமாக வெளிவந்தபொழுது ‘பையனுக்கு’ வயது எண்பது. 2018 ஜூலையிற் காலமானார்.