ஆயிரம் கதிர் எடுத்து வையுங்கள்



விதைத் திருவிழாவுக்குப் பேச வந்தவன் விதையைப் புகழ்ந்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்குவதுதான் வழக்கம். இன்று அப்படிச் செய்யப்போவதில்லை. வாசலில் நீளமாக மேசை போட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் நெல் வைத்திருக்கிறீர்கள். கருப்புக் கவுனி, காட்டுயாணம், பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, குழியடிச்சான் என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். கைபேசியில் படமெடுக்க ஒரே நெரிசல். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் புட்டிகளில் இருக்கும் நெல்லை நாற்றங்காலில் தெளித்தால் நூற்றுக்கு எத்தனை முளைக்கும்?

நம்முடைய வெக்கையிலும் காற்றின் ஈரத்திலும் வீட்டில் வைத்த நெல் விதை ஒரு வருடம் தாங்கும். நன்றாகக் காயவைத்திருந்தால் இன்னும் சில மாதம் கூடுதலாகத் தாங்கும். வருடக்கணக்கில் விழா விழாவாகச் சுற்றி வருகிற புட்டி நெல்லில் பெயர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. விதை உயிரோடு இருக்கிற இடம் வயல். வயலில் நாம் என்ன விதையைப் போடுகிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் யூரியாவைத் தொடுவதில்லை. பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போவதில்லை. பஞ்சகவ்யம் புளிக்கவைக்கிறீர்கள், பசுந்தாளுக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறீர்கள். ஆனால் “விதை எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. “விதை கடையிலதாங்க. மண்ணு நல்லா இருந்தாப் போதும், விதை எதுவானா என்ன?” என்கிறார் ஒருவர். “சாயம் பூசின விதைதான், ஆனா நல்லா கழுவிட்டுத்தான் போட்டேன்” என்கிறார் இன்னொருவர்.

அந்தக் கழுவல் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். கடைப் பொட்டலத்தில் விதை இளஞ்சிவப்பாகவும் நீலமாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. மருந்து பூசியிருக்கிறது, வாயில் போட்டுவிடாதே என்று எச்சரிக்கத்தான் அந்தச் சாயம். திராம், கார்பென்டசிம் என்று பூஞ்சணக்கொல்லிகள் பூசுவார்கள். பருத்தி, வெண்டை விதையில் இமிடாகுளோபிரிட் பூசுவதும் உண்டு. அது பயிர் முளைத்ததும் சாற்றோடு சேர்ந்து இலை வரைக்கும் ஏறுகிற மருந்து. தண்ணீரில் அலசினால் சாயம் போகும், கொஞ்சம் மருந்தும் போகும். மிச்சம் உள்ளே போகும். ஒரு கையால் டிரைக்கோடெர்மா வாங்கி மண்ணில் இட்டுவிட்டு, மறுகையால் கார்பென்டசிம் பூசிய விதையை அதே மண்ணில் ஊன்றினால் என்ன ஆகும்? டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம்தானே ஐயா, அதையும் அந்த மருந்து சாகடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டு அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி, அங்கக முறையில் விளைந்த விதையைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காவிட்டால், ரசாயன மருந்து பூசாத சாதாரண விதையைப் பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் ‘கிடைக்காவிட்டால்’ என்ற சந்து இன்று ராஜபாட்டையாகிவிட்டது. நம் ஊரில் மட்டும் அல்ல, ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய அங்ககச் சட்டம் 2036-ஆம் ஆண்டு இறுதியோடு இந்த விதிவிலக்கு முடிந்துவிட வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. நமக்கு அப்படியொரு கெடு இல்லை. கெடு இல்லாத வேலையை நாம் எப்படிச் செய்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பாரம்பரிய ரகம் என்றாலே அங்கக விதை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை மூட்டையாக யூரியா போட்டு விளைவித்த சீரகச் சம்பா விதை அங்கக விதை ஆகாது. நிலத்தை முறைப்படி மாற்றி, ரசாயனம் இல்லாமல் விளைவித்துப் பிரித்தெடுத்த கோ 51 விதை, ஆராய்ச்சி நிலையத்து ரகமாக இருந்தாலும், அங்கக விதைதான். ரகம் வேறு, அந்த விதை வளர்ந்த விதம் வேறு. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆனாலும் ரகத்தையும் லேசாக விட்டுவிட முடியாது. 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. நெட்டையான இந்தோனேசிய நெல்லோடு குட்டையான தைவான் நெல்லைச் சேர்த்து உருவாக்கியது. எதற்குக் குட்டை? தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் நெட்டை நெல் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும்; குட்டை நிமிர்ந்து நிற்கும். அதாவது உரம் தின்பதற்கென்றே வார்க்கப்பட்ட உடம்பு. அதற்குப் பிறகு வந்த ரகங்களில் பெரும்பாலானவை அந்தக் குட்டை வம்சம். உரமிட்ட வயலில், களைக்கொல்லி தெளித்த வயலில், அங்கே எது அதிகம் விளைந்ததோ அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அதே ரகத்தைக் கொண்டுவந்து எருவும் இலைதழையும் போட்ட நம் வயலில் நடுகிறோம். களையோடு மல்லுக்கட்ட அதற்குப் பழக்கம் கிடையாது. காட்டுயாணமோ ஆளுயரம் வளர்ந்து, நிழல் விரித்துக் களையை அமுக்கும். ஆனால் ஆறு மாதப் பயிர், காற்றடித்தால் படுத்துவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. நம் நிலத்துக்கு, நம் பண்டுதத்துக்கு, நம் தண்ணீருக்குத் தோதான விதை நம் வயலிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து எடுத்தால்தான் கிடைக்கும். எந்தக் கடையும் அதை நமக்குச் செய்து தராது.

இந்த இடத்தில் நெல் ஜெயராமனை நினைக்காமல் இருக்க முடியாது. இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஐயாவோடு ஊர் ஊராக நடந்தவர். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006-இல் விதைத் திருவிழாவைத் தொடங்கினார். 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் போகும்போது 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்திருந்தார். அவர் வைத்த கணக்கு எளிமையானது: இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. காசு கேட்கவில்லை, விதையைக் கேட்டார். அந்த ஏற்பாட்டால்தான் சில வருடங்களிலேயே ஆயிரக்கணக்கான வயல்களுக்கு இந்த நெல் போய்ச் சேர்ந்தது. இன்று அரசே அவர் பெயரில் திட்டம் வைத்துப் பாரம்பரிய நெல் விதையை மானியத்தில் கொடுக்கிறது.

பரப்புகிற வேலை முடிந்தது என்றுதான் நான் சொல்வேன். இனி, பரவிய விதையைச் சுத்தமாக வைத்திருக்கிற வேலை. இப்போது வரும் புகார் என்ன? “மாப்பிள்ளைச் சம்பான்னு வாங்கினேன், வயல்ல மூணு உயரத்துல நிக்குது.” “பாதி முன்னாடியே பழுத்துடுச்சு, பாதி பச்சையா இருக்கு.” “முளைப்பு சரியில்லை, நாற்று பத்தல.” இப்படி ஒரு தடவை அடிபட்டவர் மறு வருடம் கடைக்குப் போய்விடுகிறார். அவரைத் துரோகி என்று மேடையில் திட்டுவது சுலபம். அவருக்குக் கடன் இருக்கிறது, அவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். தப்பு அவர் மேல் இல்லை, அந்த விதையைக் கொடுத்தவர் மேல்.

கலப்பு எங்கிருந்து வருகிறது? நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்கிற பயிர். இரண்டு ரகத்துக்கு நடுவே மூன்று மீட்டர் இடைவெளி விட்டாலே விதைச்சான்றுக்குப் போதும். ஆகவே பூவில் கலப்பது மிகக் குறைவு. கலப்பதெல்லாம் களத்தில், சாக்கில், முக்கியமாக அறுவடை இயந்திரத்தில். அந்த இயந்திரம் நேற்றுப் பக்கத்து ஊரில் ஏ.டி.டி. நெல் அறுத்திருக்கும். வயிற்றுக்குள் அதன் மிச்சம் இருக்கும். இன்று உங்கள் தூயமல்லி வயலில் இறங்கி முதல் சுற்றிலேயே அதைக் கக்கும். அந்த நெல்லை விதைக்கு எடுத்தால் அடுத்த வருடம் தூயமல்லி எப்படித் தூய்மையாக இருக்கும்?

காய்கறிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நெல்லில் நாட்டு ரகம் பேசுகிற அங்கக விவசாயி வீட்டுத் தக்காளி ஹைபிரிட். இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரே அளவில், ஒரே நிறத்தில் காய் வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கிறார். நகரத்து அங்கக அங்காடிக்காரரும் அதைத்தான் கேட்கிறார். அது தவிர, விதைக்கு விட வேண்டியது செடியிலேயே முதலில் வந்த, நல்ல திரட்சியான காய். அதைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால் காசு. பறிக்காமல் முற்றவிட மனசு வர வேண்டும். பழைய வீடுகளில் அந்த மனசு பெண்களிடம் இருந்தது. கொடியில் ஒரு சுரைக்காயைத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டால் அதை யாரும் தொட மாட்டார்கள். கடை விதை வந்ததும் அந்தத் துணி அவிழ்ந்தது. விதைத் தேர்வு என்கிற அந்த அதிகாரமும் அவர்கள் கையை விட்டுப் போனது. நம் விதைக் குழுக் கூட்டங்களில் மேடையில் எத்தனை பெண்கள், டீ போடுகிற இடத்தில் எத்தனை பெண்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் தேனீயை நம்பிய பயிர்கள். பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகம் இருந்தால் கலந்தே தீரும். அதற்கும் வழி உண்டு. பூசணியில் மறுநாள் விரியப்போகிற ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் மாலையில் நூலால் கட்டிவிட்டு, விடியற்காலையில் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி மறுபடி கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு காய்க்குச் செய்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை உற்சாகமாகச் செய்வார்கள். நாம்தான் கற்றுக்கொடுப்பதில்லை.

பருத்திக்காரர்கள் பாவம். 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். அங்ககச் சான்றில் மரபணு மாற்றிய விதைக்கு அனுமதியே கிடையாது. ஆக, அங்ககப் பருத்தி போட நினைப்பவருக்கு நிலத்துக்கு முன்னால் விதை தேட வேண்டியிருக்கிறது. தெற்கத்திக் கரிசலில் மானாவாரியாக நின்ற கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு இங்கே ஒரு சாதகம்: அதன் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு என்பதால் பி.டி. பருத்தியோடு அது எளிதில் கலக்காது. இழை குட்டை என்று மில்லுக்காரர்கள் ஒதுக்கினார்கள். கைத்தறிக்காரர்கள் சிலர் இப்போது தேடிப்போய் வாங்குகிறார்கள்.

“விதை விற்றால் கேஸ் போடுவார்களாமே?” என்று ஒரு பயம் உலவுகிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், முப்பத்தொன்பதாவது பிரிவு. தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. வணிகப் பெயர் ஒட்டிப் பொட்டலம் போட்டு விற்பதற்குத்தான் தடை. 2019-இல் பெப்சிகோ நிறுவனம் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மேல் கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடே எதிர்த்ததும் சில வாரங்களில் திரும்பப் பெற்றது. சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயப்படாதீர்கள்.

இனி காசு. அங்கக விதைக்கு விலை அதிகம் என்கிறோம். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. கிலோ நூறு ரூபாய் என்றே வைத்தாலும் முந்நூறு ரூபாய். களையெடுக்கும் கூலிக்கு முன்னால் அது ஒரு தொகையா? விதைக்கென்று தனியாக வயல் ஒதுக்கி, வேற்று ரகக் கலவன் பிடுங்கி, தனியாக அறுத்து, காயவைத்துத் தருகிற ஒருவர் ஊருக்கு ஒருவர் வேண்டும். அவருக்கு அரிசி விலையைக் கொடுத்துவிட்டு விதையின் தரத்தைக் கேட்கக் கூடாது. கருப்புக் கவுனி அரிசிக்கு இருநூறு ரூபாய் கொடுக்கிற நகரத்து நண்பர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த விலையில் விதைக்காரருக்கு என்ன போகிறது என்று அங்காடியில் கேளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

முடிக்கிறேன். மணி அடித்துவிட்டார்கள்.

விதைக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். முளைப்புத்திறன் பார்க்காத விதையை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஏழெட்டு நாளில் பிரித்து எண்ணுங்கள். எண்பதுக்குக் குறைந்தால் அது அரிசிக்குப் போகட்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

உழவர்களுக்கு ஒன்று. இந்தச் சம்பாப் பட்டத்தில் இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முந்தின நாள், வரப்போரத்தை விட்டுவிட்டு நடு வயலுக்குப் போங்கள். ஒரே உயரம், ஒரே பருவம், நோய் இல்லாத குத்துகளாகப் பார்த்து ஆயிரம் கதிர் கையால் அறுத்து எடுங்கள். ஏறக்குறைய மூன்று கிலோ வரும். ஒற்றை நாற்று நடவில் ஒரு ஏக்கருக்கு அது போதும். தனியாக அடித்து, நிழலில் பாதியும் இளவெயிலில் பாதியுமாகக் காயவைத்து, நொச்சியோ வேப்பிலையோ போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் கட்டி வையுங்கள். விதைக்கிற நாளில் முட்டை மிதக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நன்றாக அலசி நாற்றங்காலுக்குக் கொண்டு போங்கள். வீட்டில் யார் கண்ணுக்குக் கதிர் நன்றாகப் பிடிபடுமோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அநேகமாக அது வீட்டம்மாவாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு இதே விழாவுக்கு வரும்போது புட்டி வேண்டாம், அந்த விதையில் ஒரு கிலோவும் அதன் முளைப்புக் கணக்கும் கொண்டு வாருங்கள்.