கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: பிரித்தானியத் தமிழ்த் தாய்மாருக்கு வரும் அழைப்பு



இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்துள்ள பெண்களுக்கு 25 வயதை அண்மிக்கும்போது கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கான முதல் அழைப்பு வருகின்றது. 64 வயது வரை குறித்த கால இடைவெளியில் அது தொடர்கின்றது. தமிழ் வீடுகளில் ஆங்கிலக் கடிதங்களைப் பிரித்துப் படிப்போர் பெரும்பாலும் பிள்ளைகளே. தாய் "என்ன கடிதம்?" என்று கேட்க, பிள்ளை "ஏதோ செக்கப்பாம் அம்மா" என்று சொல்ல, அழைப்பு இழுப்பறைக்குள் போய்விடுகின்றது. அந்தக் கடிதம் அங்கே கிடக்கத் தக்கதன்று.

இந்நோயின் மூலகாரணம் அறியப்பட்ட ஒன்று. செருமானிய அறிவியலாளர் அரால்ட் சுர் ஔசனும் அவரது குழுவினரும் மனிதப் பாப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையை 1983 இலும் 18 ஆம் வகையை 1984 இலும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தனர். அதற்காக அவருக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வைரசில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. எண்கள் கண்டறியப்பட்ட வரிசையைக் குறிப்பனவேயன்றிக் கொடுமையின் அளவை அல்ல. 6, 11 ஆகியவை பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்கும். புற்றுநோய்க்கு இட்டுச் செல்வதில்லை. 16, 18 ஆகிய இரண்டுமே உலகின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

பரிசோதனையில் "வைரசு உண்டு" என்று முடிவு வருமாயின், அது புற்றுநோய் என்று பொருளாகாது. பெரும்பாலோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் வைரசைத் தானே அடக்கிவிடுகின்றது. அடங்காது நிலைத்தாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். அந்த நீண்ட இடைவெளியிற்றான் பரிசோதனையின் பயன் தங்கியுள்ளது. எடுத்த மாதிரியில் வைரசு இருந்தால், அதே மாதிரியில் கலங்கள் மாறியுள்ளனவா என்று பார்க்கின்றனர். மாற்றமில்லையெனில் ஓராண்டின் பின் மறுபரிசோதனை. இருந்தால் வைத்தியசாலையில் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையாயின் அப்பகுதியைப் புற்றாகுமுன்னரே அகற்றிவிடுகின்றனர்.

கணவன்மார் செவிமடுக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வைரசு பாலுறவுத் தொடர்பால் பரவுவது உண்மையே. ஆயின் அது பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் தென்படக்கூடும். ஒரே துணையுடன் வாழ்ந்தவரிடமும் காணப்படும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. ஒரு முடிவுத்தாளை வைத்து மனைவியின் ஒழுக்கத்தை அளப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும். அந்த அச்சமே பெண்களைப் பரிசோதனைக்குப் போகவிடாது தடுக்கின்றது.

"பிள்ளைக்குப் பாடசாலையில் ஊசி போட்டாயிற்றே" என்று ஆறுதல் கொள்வோரும் உளர். இங்கு 2008 முதல் 12, 13 வயதுச் சிறுமியருக்கும், 2019 முதல் அவ்வயதுச் சிறுவருக்கும் தடுப்பூசி வழங்கப்படுகின்றது. அவ்வயதில் ஊசி பெறும் வாய்ப்பிருந்த பெண்களிடையே இந்நோய் 87 விழுக்காடு குறைந்தமையை 2021 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இது மகளுக்குரிய காப்பு, தாய்க்குரியதன்று. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்ததே 2017 இற்றான். அதற்கு முன் அங்கு வளர்ந்து வந்த தாய்மாருக்குப் பரிசோதனையே துணை. ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லையாதலால், மகளும் 25 வயதில் அழைப்பை ஏற்க வேண்டும்.

மாதிரி எடுக்கச் சில நிமிடங்களே செல்லும். பெண் தாதியே எடுக்க வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கட்டணமின்றிக் கோரலாம். மகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது தவிர்க்கத்தக்கது. மகள் முன்னிலையில் தாய் சொல்லத் தயங்குபவை பல.

உறவின் பின்னரோ, மாதவிடாய் நின்ற பின்னரோ குருதி கசிந்தால் அடுத்த அழைப்புக்காகக் காத்திருத்தல் ஆகாது. முந்தைய பரிசோதனை நல்ல முடிவைத் தந்திருப்பினும் உடனே குடும்ப வைத்தியரை நாட வேண்டும்.