பத்தாம் அதிகாரத்தின் இரண்டு கோபங்கள்



பிச்சாவரத்தில் கூடியிருக்கிறோம். பக்கத்தில் சிதம்பரம். தீக்குள் இறங்கி எழுந்த பிறகே நந்தன் உள்ளே வரலாம் என்ற ஊர். அவனுடைய பக்தியைப் பெரியபுராணம் உருகி உருகிச் சொல்கிறது. அவனுக்குக் கோபம் வந்ததா என்று மட்டும் கேட்கவில்லை.

தலித் கிறிஸ்தவர்களான எங்களிடமும் யாரும் கேட்டதில்லை. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பிப்போம். கோபம் அதில் ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன் சாமி" என்றால் செபம் சொல்லச் சொல்வார்கள். எதற்குக் கோபப்பட்டாய் என்ற கேள்வி வராது.

எதற்கு என்பதை எறையூர் சொல்லும். இந்தப் பகுதியும் எறையூரும் ஒரே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் தனிக் கல்லறை. எங்கள் பிணம் போகத் தனிப்பாதை. சேரி மக்கள் கேட்டது தங்களுக்கென்று தனிப் பங்கு. 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. சேரி வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் ஒருபோதும் விட்டுவிட்டுப் பேசுவதில்லை. நம்மைத் தடுத்தவன் வீட்டில் விழுந்த சாவு நமக்கு வெற்றி ஆகாது. அதற்காக, "பார்த்தீர்களா, கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது" என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்பவர்களையும் ஏற்க முடியாது. சுட்டது எங்கள் கோபமல்ல.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அதட்டித் தடுக்கிறார்கள். இயேசு சினங்கொள்கிறார், அதுவும் தம்மோடு இருந்தவர்கள்மேல். வாசலில் காவல் நின்றவர்கள் அவருடைய ஆட்களேதான். அதே அதிகாரத்தில், செபதேயுவின் மக்கள் இருவர் அவருடைய மகிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார்கள். கேள்விப்பட்ட மற்றப் பத்துப் பேருக்கும் ஆத்திரம். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். ஒன்று அடுத்தவர் வெளியே நிறுத்தப்பட்டதற்காக வந்தது. மற்றது, நாம் கேட்க நினைத்த இருக்கையை அவன் முந்திக்கொண்டானே என்று வந்தது. இயேசு அந்தப் பத்துப் பேரிடம் கோபம் பாவம் என்று சொல்லவில்லை. புறவினத்து ஆட்சியாளர்கள் மக்களை எப்படி அடக்கி ஆளுகிறார்கள் என்று அதிகாரத்தைப் பற்றியே பேசினார்.

கோயிலில் சாட்டை எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். யோவான் எழுதியதில் ஒரு சின்ன விவரம் உண்டு: காசுக்காரர்களின் மேசையைக் கவிழ்த்தவர், புறா விற்றவர்களிடம் எடுத்துக்கொண்டு போகும்படி வாயால்தான் சொன்னார். ஆட்டுக்கு வழியில்லாத ஏழைகளின் காணிக்கை புறா. அந்தக் கோபத்துக்கும் கண் இருந்தது என்று நாங்கள் வாசிக்கிறோம்.

எங்களுக்கு வாசல் இரண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. மற்றது திருச்சபையின் வாசல். 2022இல் இந்த உயர்மறைமாவட்டத்துக்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது, தலித் ஒருவர் ஏன் இல்லை என்று எங்கள் மக்கள் போராடினார்கள். பதவி ஆசை என்றார்கள் சிலர். அது செபதேயு மக்களின் கேள்வியா, பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களின் கேள்வியா? எங்களுக்கு இதில் சந்தேகமில்லை: காலங்காலமாக வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே இடம் கேட்பது இருக்கைச் சண்டை ஆகாது.

ஆனால் நாளை எங்களில் ஒருவர் அந்த இருக்கையில் உட்காரும்போது இதே கேள்வி எங்களிடம் திரும்பும். இப்போதே திரும்புகிறது. இயக்கம் எத்தனை தரம் உடைந்தது, எதற்காக உடைந்தது? துண்டறிக்கையில் யார் பெயர் முதலில், மேடையில் யார் நாற்காலி நடுவில்? பறையரும் அருந்ததியரும் ஒரே மேடையில் இருந்தும் பேச நேரம் யாருக்குக் கிடைத்தது? இந்தப் பிச்சாவரத்துக் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நம் கூட்டத்துக்கு அழைத்தோமா? அவர்கள் இன்று எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு விவாதத்தைத் தொடங்குவோம்.