தேயிலைப் பெட்டியும் மின்கித்தாரும்

ஹற்றன் புகையிரத நிலையத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்தை நோக்கிச் சென்ற சரக்கு வண்டிகளில், ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டிருக்கும். 1884ஆம் ஆண்டில் ஹற்றனையும், மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதை அவற்றுக்காகவே மலையேறியது என்றாலும் பிழையில்லை. மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆனவை அப்பெட்டிகள். ஓரங்களில் தகரப் பட்டி அறைந்தவை. உள்ளே உலோகத் தாள் ஒட்டியவை. தேயிலையின் மணம் வெளியே போகாமலும் கடற்காற்றின் ஈரம் உள்ளே வராமலும் காப்பதே அவற்றின் வேலை. இங்கிலாந்திலே தேயிலை கொட்டப்பட்டதும் அந்த வேலை தீர்ந்துவிடும். வீடு மாறுவோர் பீங்கான் அடுக்குவதற்கு அவற்றை வாங்கிப்போவதுண்டு.

1956ஆம் ஆண்டிலே அப்பெட்டிகளுக்கு வேறொரு பிழைப்புக் கிடைத்தது. லொனி டொனகன் என்னும் பாடகர் பரப்பிய 'ஸ்கிபிள்' என்ற எளிய பாட்டுமுறை பிரித்தானிய இளைஞரைப் பற்றிக்கொண்டது. ஒரு மலிவான கித்தார், துணி தேய்க்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டி ஆகிய மூன்றுமே அதற்குப் போதும். பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு, ஒரு கயிற்றைக் கோத்து, அதன் மறுமுனையைத் துடைப்பத் தடியின் உச்சியிற் கட்டுவர். தடியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கயிற்றை முறுக்கேற்றித் தட்டினால் கனத்த அடிச்சுருதி எழும். லிவர்ப்பூல் நகரிலே ஜோன் லெனன் என்னும் மாணவன் தொடங்கிய குழுவிலும் தேயிலைப் பெட்டி இருந்தது. பின்னர் உலகறிந்த பீட்டில்ஸ் குழு அதிலிருந்தே வளர்ந்தது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து போன பெட்டியை வாத்தியமாக்கி அவ்விளைஞர்கள் மகிழ்ந்த நாட்களில், அப்பெட்டியை நிரப்பிய கைகளுக்கு உரியவர்களிற் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிகளும் அல்லர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நிலையில் விட்டிருந்தது. இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. சற்றுப் பின்னர் அது விளங்கும்.

பெட்டியைத் தட்டிய பிள்ளைகளின் ஆசை நாளடைவில் மின்கித்தாரின்மேற் சென்றது. அமெரிக்காவில் லியோ பெண்டர் 1954இல் வெளியிட்ட 'ஸ்ட்ராற்றோகாஸ்ரர்' என்னும் கித்தார் அவர்களது கனவாயிற்று. அக்கனவின் விலையோ தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாதது. இலண்டனுக்கு அருகே ஹாம்ப்ரன் என்னும் ஊரில், பிரையன் மே என்ற பதினாறு வயது மாணவனும் அதை விரும்பினான், வாங்க வழியில்லை. அவனுடைய தந்தை ஹரல்ட் மே மின்னணுவியல் அறிந்தவர், கைத்தொழிலிலும் வல்லவர். 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தந்தையும் மகனும் வீட்டிலேயே ஒரு மின்கித்தாரைச் செய்யத் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கேட்டால் வியப்பு உண்டாகும். வீணையின் தண்டிக்கு ஒப்பான கழுத்துப் பகுதி, ஒரு பழைய வீட்டின் கணப்பு மேடையிலிருந்து கழற்றிய மகோகனி மரம். புழு அரித்த துளைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்தனர். உடலின் நடுப்பாகம் பழைய மேசையொன்றின் ஓக் பலகை. மெட்டுகளுக்கு இடையே இடம் காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்தியின் முறுக்கைத் தளர்த்தி ஒலியை அசைக்கும் பொறிக்கு, 1928ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வுச் சுருள்வில்கள் இரண்டு உதவின. அப்பொறியின் கைப்பிடி சைக்கிளிற் பை தாங்கும் கம்பி. அதன் நுனியில் இருந்தது தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. செலவு ஏறக்குறைய எட்டுப் பவுண் என்பர். அந்தக் கித்தாரையே அவர் 'குயீன்' குழுவில் பல்லாண்டுகளாக வாசித்து வந்திருக்கிறார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று வாசித்ததும் அதனைத்தான்.

அந்த மேசையில் கித்தார் உருவாகிக்கொண்டிருந்த 1964ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாத இறுதியிலேதான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மலையக மக்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். வீட்டுக்கு வீடு, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்த காலம் அது. ஹாம்ப்ரனிலும் ஹற்றனிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. பழைய மேசை ஒன்று இரண்டு ஆண்டுகள் அதே மூலையில் இருக்கும் என்ற உறுதியே ஓரிடத்தில் இருந்தது, மற்ற இடத்தில் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. ஆதலால், மலையகத்து இளைஞன் ஒருவன் இன்று தன் வீட்டில் இருந்தபடியே ஒரு மின்கித்தார் செய்ய முற்பட்டால் அது காலங்கடந்த விளையாட்டென எவரும் நகைக்க வேண்டியதில்லை.

அவ்வாறு செய்ய இயலுமா? இயலும். அதன் காரணம் மின்கித்தாரின் இயல்பிலேயே இருக்கிறது.

வீணையின் நாதம் அதன் குடத்தில் விளைவது. பலாமரத்தைக் குடைந்து, அதன் கனத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து அமைக்கும் வித்தை பரம்பரையாக வருவது. தஞ்சாவூரில் அதற்கெனக் குடும்பங்கள் உண்டு. மின்கித்தாருக்கோ குடம் இல்லை. எஃகுத் தந்தியின் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்ட உண்மை இதுவே. லக்ஸபானவிலே நீர் சுழற்றும் மின்பிறப்பாக்கிகளும் இதே விதிக்கு அடங்கியே இயங்குகின்றன. அங்கே பெருவெள்ளம் செய்வதை இங்கே ஒரு விரல் செய்கிறது. எழுவது ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதைப் பெருக்கி ஒலியாக்க வேறு கருவி வேண்டும்.

இக்கருவி பிறந்ததும் வீட்டு மேசையிலேதான். 1931ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் ஜோர்ஜ் போஷம் என்பவர், துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிச் சுருளைச் சுற்றினார் என்பது வரலாறு. வறுசட்டி போன்ற அதன் வடிவம் பற்றி நகைத்தோர் பலர். பத்தாண்டுகளுக்குள் லெஸ் போல் என்னும் கலைஞர் நான்கு அங்குலச் சதுரமான ஒரு மரக்கட்டையில் தந்தி பூட்டி வாசித்துக் காட்டினார். வெறுங்கட்டையைக் கண்டு சபையோர் முகஞ் சுளித்தமையால், ஒரு கித்தாரை நெடுக்காக அறுத்து இரு பக்கமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டார். ஒலியில் மாற்றம் இல்லை, சபையோர்க்குத் திருப்தி.

இனி மலையகத்தில் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். தேயிலைக்கு நிழல் தருவதற்கென அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரத்தைத் தோட்டத்து மக்கள் 'சபுக்கு' என்பர். அதன் பலகையில் ஓடும் பளபளப்பான ரேகைகள் கண்ணைக் கவர்வன. கித்தார் செய்வோர் அதனை வேறு நாடுகளில் விரும்பி வாங்குகின்றனர். இங்கே பெரும்பாலும் அது விறகாகிறது. அனுமதியின்றித் தோட்டத்து மரத்தில் கைவைப்பது குற்றம். விறகுக்கு வந்த துண்டில், முடிச்சில்லாத ஒன்றைத் தெரிந்தெடுத்தாற் போதும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். இழைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

நுவரெலியாவின் மூடுபனியே இதிற் பெரும் பகை. ஈரமான பலகையில் அமைத்த தண்டி சில மாதங்களில் வில்லாக வளைந்துவிடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு உலர வேண்டுமென்பது தச்சர் வழக்கு. லயத்து அடுப்பங்கரையின் மேலுள்ள பரண் இதற்கு உகந்த இடம். அவசரப்பட்டு நெருப்பருகே வைத்தால் வெடித்துப் போகும். தண்டிக்கு மட்டும் சபுக்கைவிட உறுதியான மரம் வேண்டும். பழைய கதவு நிலை, உடைந்த கட்டிற்கால் ஆகியவற்றில் நூற்றாண்டு உலர்ந்த மரம் இருக்கக்கூடும். ஆறு தந்திகளும் சேர்ந்து அதனை நாற்பது கிலோ அளவில் இழுக்கும். தலைக்கயிற்றில் கொழுந்துக் கூடையைத் தாங்கி மலையேறுவோருக்கு அந்தப் பாரத்தை விளக்கத் தேவையில்லை. உள்ளே ஓர் இரும்புக் கோலைப் புதைப்பது அதனாலேயே.

கணக்கில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் அமர்ந்தவை. செவியாற் கேட்டு நகர்த்தலாம். கித்தாரின் மெட்டுகளோ வாளால் அறுத்த பள்ளத்தில் இறுகியவை. ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இல் கூறிய வழி, தந்தியின் நீளத்தைப் பதினெட்டாற் பிரித்து முதல் மெட்டை வைத்து, எஞ்சியதை மீண்டும் பதினெட்டாற் பிரித்துச் செல்வது. நெடுங்காலம் தச்சர் அதையே கையாண்டனர். ஆனால் அவ்வழியில், 24 அங்குலத் தந்திக்குப் பன்னிரண்டாம் மெட்டு நடுவில் விழாமல் இரண்டு மில்லிமீற்றருக்கும் சற்று அதிகமாக விலகி நிற்கும். மேல்ஸ்தாயி ஷட்ஜம் அங்கே தாழ்ந்து ஒலிக்கும். சுருதி அறிந்த செவி அதனைப் பொறாது. பதினெட்டுக்குப் பதிலாக 17.817 என்று கொள்வதே சரி. அப்போது முதல் மெட்டு மேருவிலிருந்து 1.347 அங்குலத்தில் அமையும். பன்னிரண்டாவது 12 அங்குலத்தில், சரிபாதியில் விழும். ஒவ்வொன்றையும் முந்திய மெட்டிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் மேருவிலிருந்தே அளந்து குறிக்க வேண்டும். இல்லையேல் சிறுபிழைகள் ஒன்றோடொன்று கூடிப் பெரும்பிழையாகும்.

சுருளுக்கு வேண்டிய இனாமல் பூசிய கம்பி தலைமயிர் அளவே கனமுள்ளது. எண்ணாயிரம் சுற்று வரையில் சுற்ற வேண்டும். நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். தையல் இயந்திரத்தில் நூலுருளை சுற்றும் பாகம் இதற்கு நன்கு உதவும். கம்பியை விரலிடையே தளரவும் விடாமல் இறுக்கவும் செய்யாமல் ஓட விடுவதிலே திறமை இருக்கிறது. ஏழாயிரமாவது சுற்றில் அறுந்தவனே அதன் அருமையை அறிவான். காந்தத்தின் துருவம் தந்தியை நோக்கி நிற்பதும் முக்கியம். பிரையன் மே முதலிற் செய்த சுருள்களில் துருவங்கள் பக்கவாட்டில் அமைந்தமையால், தந்தியை இழுத்து வளைக்கும்போதெல்லாம் வேண்டாத இரைச்சல் எழுந்தது. இறுதியில் அவர் கடையில் வாங்கிய சுருள்களைப் பொருத்த நேர்ந்தது. தந்திகளையும், மெட்டுக் கம்பியையும், முறுக்காணிகளையும் வீட்டிற் செய்ய முனைவது வீண்முயற்சி. அவற்றை வாங்கிக்கொள்வதே அறிவு.

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளின் பின்புறத்தில் கிராமபோனுக்கென ஒரு துளையிணை இருக்கும். கித்தாரை அதிற் செருகி வானொலியையே பெருக்கியாக்கியவர் முன்னாளில் உண்டு. இன்று அதை நாடுவோருக்கு எச்சரிக்கை ஒன்று கூற வேண்டும். அப்பெட்டிகளுட் சிலவற்றின் இரும்புச் சட்டம் நேரே மின்கம்பியுடன் தொடுக்கப்பட்டது. கித்தாரின் தந்திகள் அச்சட்டத்தோடு இணைகையில், தந்தியைத் தொடும் விரல் உயிராபத்தைத் தொடுகிறது. ஒன்பது வோல்ற்று மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கியே வீட்டுக்குத் தக்கது. லக்ஸபான நிலையம் 1950இல் திறக்கப்பட்ட பின்பும் நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே இருந்த லயங்களின் பிள்ளைகளுக்கு, மின்கலத்தை நம்பிப் பாட்டுக் கேட்பது புதிதன்று.

வாத்தியம் செய்வது தோட்டத்துக்குப் புதிய தொழிலும் அன்று. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, தகட்டாற் பிணைத்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டித் தப்பு செய்தவர்கள் மலையகத்தில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு உயிர் கொடுப்பது தப்பு. சாவு வீட்டிலும் முன்னே செல்வது அதுவே. சாதியின் பேரால் அதைத் தொட மறுத்த வீடுகளும் அதே லயங்களில் உண்டு. கித்தாரைத் தோளிலிட விரும்பும் பிள்ளைகளுட் சிலர் தப்பை ஏந்தக் கூசுவதும் அதனால்தான். இக்கூச்சம் வருந்தத்தக்கது. தோல் உலரும் நிலையையும், பனிநாளில் சுருதி இறங்குவதையும், எத்தனை வெம்மையில் அது மீளும் என்பதையும் தப்புக்காரர் கையால் தடவியே சொல்வார். பரணில் ஏற்றிய சபுக்குப் பலகை உலர்ந்துவிட்டதா என்று அறிய, விரலால் தட்டிக் காட்டி முதலிற் கேட்க வேண்டியவர் அவரே.