விடிய விடிய விழித்த பிள்ளைகள்

(பெற்றோர், முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இணையமும் உறக்கமும்'. கோறணி நச்சில் காலத்தில் நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியன். படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்தத் தோட்டத்தில் கண்ணால் கண்டதையும் சொல்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. விடுதிகளில் மாட்டிக்கொண்ட மாணவர்களை ஏப்ரல் கடைசியில்தான் ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சு, ஒரு சில பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு ஆண்டு முடியும்வரை இயங்கலைப் பாடம்தான் என்று அறிவித்துவிட்டது. பல்கலைக்கழகமே லயத்து வீட்டுக்குள் வந்து குடியேறியது. இரண்டு அறை, ஐந்தாறு பேர், ஒரு மேசை. செம்பனை வேலையோ நிற்கவில்லை. அப்பாவும் அம்மாவும் முகக்கவரி மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

அந்நாளில் தாய்மார்கள் என்னிடம் சொன்ன குறை ஒன்றுதான். "வாத்தியாரே, நான் பெரட்டுக்குக் கிளம்ப நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பத்தவைக்கிறேன், அவன் அப்பதான் போனை வச்சிட்டுப் படுக்கிறான். பகல் பன்னிரண்டுக்கு எழுந்திரிக்கிறான். படிக்கிற பிள்ளை இப்படிச் சோம்பேறியாப் போகலாமா?"

சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள் அம்மா. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கைப்பேசி நிறுவனங்கள் நாளுக்கு ஒரு கிகாபைட் இலவசமாகக் கொடுத்தன. நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை. நல்ல காரியம்தான். ஆனால் பகலில் தோட்டம் முழுக்க ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கினால் லைன் எப்படி ஓடும்? விரிவுரையாளர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். பின்னால் தம்பி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பான். ஊர் அடங்கி இரவு பதினொன்றுக்கு மேல்தான் லைனும் நகரும், வீடும் அமைதியாகும். பதிவுசெய்த பாடத்தை அப்போதுதான் பார்க்க முடிந்தது. 2020 ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி, தேர்வு எழுத மரத்தின் மேலேறி ஓர் இரவையே கழித்ததை நாடே பார்த்ததல்லவா? அதைப் பார்த்த பிறகும் பிள்ளைகளைச் சோம்பேறி என்பது நியாயமாகாது.

ஆனால் பாடம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். கைப்பேசி முடியாது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்குக்கூட 'வணக்கம்' போட்டு விளக்கைப் போடுவார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற இந்தப் பண்டத்துக்கு முடிவென்று ஒன்று கிடையாது. கூட்டாளிகளைப் பார்க்க முடியாமல் வீட்டில் அடைபட்ட வயசுப் பிள்ளைகள் அதற்குள் விழுந்தார்கள்.

உடம்பு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது? நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. உயிர்களின் உடற்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். கண்ணுக்குள் பார்ப்பதற்காக அல்லாமல், பகலா இரவா என்று அளப்பதற்கென்றே சில செல்கள் உள்ளன. நீல ஒளி பட்டால் அவை மூளைக்குப் 'பகல்' என்று தந்தி அடிக்கும். உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்ற சுரப்பு தள்ளிப்போகும். ஆனால் திரை வெளிச்சத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அடைபட்ட பிள்ளைகளுக்குக் காலை வெயிலும் கிடைக்கவில்லை. கடிகாரத்தைச் சரிசெய்வது அந்த வெயில்தான். வகுப்பு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒரே மெத்தையில் நடந்ததால், மெத்தையைக் கண்டால் உறங்க வேண்டும் என்ற பழக்கமே உடம்புக்கு விட்டுப்போயிற்று. இதில் கோப்பி வேறு! இரவு பத்துக்குக் குடித்த கோப்பியின் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி, விடியற்காலை மூன்றுக்கும் பெரும்பாலோர் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தாலியில் 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கின்போது, 18 முதல் 35 வயது வரையுள்ள 1,310 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முன்பைவிடத் தாமதமாகப் படுத்து, தாமதமாக எழுந்து, கூடுதல் நேரம் படுக்கையில் கிடந்தார்கள். ஆனாலும் உறக்கத்தின் தரம் குறைந்துவிட்டது! படுக்கும் நேரத்தில் திரை பார்ப்பதும் கூடியது. அதுதான் காரணமோ என்று பார்த்தால், ஆய்வாளர்களுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. மனச்சோர்வும் கவலையும் மிகுந்தவர்களுக்கே உறக்கம் அதிகம் கெட்டிருந்தது.

இதைப் படித்தபோது நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி சொன்னது நினைவுக்கு வந்தது. இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள், பெயர் வேண்டாம். "ஏம்மா, பாடம் முடிஞ்சா போனை வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "போனை வச்சா யோசனை வருது சார்" என்றாள். அப்பாவின் இருமல், படிப்புக் கடன், வேலை கிடைக்குமா என்ற கவலை. அந்த இருட்டுக்குப் பயந்து விளக்காகப் பிடித்துக்கொண்டது அந்தப் போனை. பிடுங்கி வைத்திருந்தால் உறங்கியிருப்பாளா? எனக்கு நம்பிக்கையில்லை.

அவள் அம்மா பிடுங்கவில்லை. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும், "எனக்குத் துணைக்குப் பெரட்டுக் களம் வரைக்கும் வா" என்று விடியலில் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது முகத்தில் வெயில் படும். வழியெல்லாம் இருவரும் பேசினார்களாம். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முடிவும் அந்த நடையில்தான் எடுத்தார்கள். பாடங்களை இரவில் இறக்கிவைத்துவிட்டு, காலையில் பார்க்கப் பழகினாள். முதல் வாரம் பகலெல்லாம் தள்ளாடினாள். மூன்று நான்கு வாரத்தில் பதினொன்றரைக்குக் கண் சொக்க ஆரம்பித்தது.

2022 ஏப்ரலில் நாட்டின் எல்லைகளே திறந்துவிட்டன. அண்ணன்மார், அக்காமார் விடுதிக்குத் திரும்பிப் படிப்பும் முடித்துவிட்டார்கள். அவர்கள் பழகிய இரவு மட்டும் வீட்டிலேயே தங்கி, தம்பி தங்கைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முதல் பாட வேளையிலேயே தலை கவிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "நேத்து ஒரு மணி வரைக்கும் கேம் சார்" என்று சிரிக்கிறார்கள்.

பெரியவர்களே, போனை இரவில் அடுப்படி அலமாரியில் சார்ஜ் போட்டு வையுங்கள், முதலில் உங்களுடையதை. "அலாரம் வைக்கப் போன் வேணுமே" என்பீர்கள். பட்டணத்தில் சாதாரண மணிக்கடிகாரம் இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறது. மூன்று வாங்கி வந்திருக்கிறேன்; அதோ, மேசை மேல் இருக்கிறது. வேண்டியவர்கள் போகும்போது எடுத்துச் செல்லலாம்.